இடைக்குரல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு மேல்மாடியிலிருந்து வந்தது. ஒரு பனிக்காலம் முழுக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, என் சமையலறைக்கு மேலே ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு என்று சொன்னால் பாதிப் பொய். கேள்வி கேட்பதுபோல ஒரு வரி பாடுவாள். பதில் வருகிற நேரத்துக்கு நிறுத்துவாள். பதில் வராது. அடுத்த வரிக்குப் போய்விடுவாள்.

பிரான்சில், துலூஸ் நகரத்தில், கால்வாய்க்குப் பின்னால் இருக்கிற தெருவில், நான் மூன்றாம் மாடி, அவள் நான்காம் மாடி. நான் காரைக்காலில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறகு அந்த வாழ்க்கை போய்விட்டது, ஊர் மட்டும் மிஞ்சியது. (இதைப் பற்றி இந்தக் கதையில் இதற்கு மேல் வராது.) மாடிப்படியில் பார்த்துக்கொண்டால் வணக்கம் சொல்வோம், குப்பை வண்டியைப் பற்றிப் பேசுவோம், காற்றைப் பற்றிப் பேசுவோம். இந்த ஊருக்குத் தென்கிழக்கிலிருந்து ஒரு காற்று வரும். வந்தால் நாள்கணக்கில் நிற்காது. அது அடிக்கிறபோது யார் என்ன செய்தாலும் 'காற்று அப்படி' என்று மன்னித்துவிடுவார்கள்.

அவள் ஓபெராவில், அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கிற நாடகத்தில், பாடுகிறவள். அந்த முறை அவள் பாடிய ஓபெரா அரங்கேறி முடிந்து, ஊர் முழுக்க ஒட்டியிருந்த சுவரொட்டிகளைக் கிழித்தும் ஆயிற்று. அவள் மட்டும் அதே வரிகளைப் பாடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் படியில் வைத்துக் கேட்டேவிட்டேன், சுவரொட்டியில் அவளோடு இருந்த மற்ற இரண்டு பேர் எங்கே என்று.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "ஒருத்தன் லியேஜ்ல. ஒருத்தி நாந்த்ல. நான் இங்கேதான்" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, "சூப் இருக்கு, சாப்பிடறீங்களா?" என்றாள்.

அப்படி ஆரம்பித்து, பல மதியங்களில் சொன்னாள். நான் எழுதுகிறவள் என்று தெரிந்ததும் தடுக்கவில்லை. ஒரு நிபந்தனைதான் போட்டாள். "எழுதுங்க. ஆனா என்னை அவன்மேல ஆசைப்பட வெச்சுடாதீங்க. எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க."

சரி என்றேன். காப்பாற்றினேனா என்பதை ஐந்தாம் பகுதியில் பாருங்கள்.

2

தொடக்கங்கள் சில:

'பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், தெற்கே ஒரு மலைக்கோட்டையில், தான் பார்த்தேயிராத ஒரு பெண்ணைக் காதலித்த பிரபு ஒருவன்—'

வேண்டாம். அது ஓபெராவின் தொடக்கம். என்னுடையது அல்ல.

'கிஸ்லேனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்காக ஒரு—'

இதுவும் வேண்டாம். இது இரக்கம் கேட்டுக் கையேந்துகிற வாக்கியம். அவள் கையேந்துகிறவள் இல்லை.

'விவாகரத்தாகிப் பல வருஷம் ஆன இருவரை, ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிற காதலர்களாக நடிக்க ஒப்பந்தம் செய்துவிட்டார்கள்.'

இது நடந்த விஷயம். இங்கிருந்தே போகலாம்.

அவன் பெயர் ரெஜிஸ். கனத்த குரல், கனத்த உடம்பு. அறைக்குள் நுழைந்தால் நாற்காலிகள்கூடத் திரும்பிப் பார்க்கும். அவள் அர்மேல். மேற்கே பிரெத்தான் கடற்கரைக்காரி. உச்சக்குரல், சின்ன முகம், கூர்மையான நாக்கு. இரண்டு பேரும் ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினார்கள். அர்மேலின் அப்பா லோரியான் துறைமுகத்தில் மீன் ஏலம் போடுகிறவர். அவர் இறந்தபோது ரெஜிஸ் கடல் தாண்டி சாந்தியாகோவில் பாடிக்கொண்டிருந்தான். வரவில்லை. பூ அனுப்பினான். பெரிய வளையம். அதைத் தூக்கி வர இரண்டு ஆள் வேண்டியிருந்ததாம். அந்த வருஷமே அர்மேல் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

மூன்றாவது ஆள் கிஸ்லேன். என் மேல்மாடிக்காரி. உச்சத்துக்கும் போகாத, அடியிலும் நிற்காத இடைக்குரல். ஓபெராவில் அந்தக் குரலுக்கென்று சில வேலைகள் வைத்திருக்கிறார்கள்: செவிலி, சூனியக்காரி, நாயகனின் தாய், ஆண்வேஷத்தில் ஒரு பையன், தூது போகிற ஆள். "உச்சக்குரல்காரிக்குக் காதல். எனக்கு விளக்குப் பிடிக்கிற வேலை" என்பாள்.*

* பிரெஞ்சில் அவள் சொன்னது மெழுகுவத்தி. தமிழில் விளக்கு என்று போட்டதும் அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இருக்கிற இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. அழிக்கலாமா என்று யோசித்தேன். பின்னால் வருவதைப் பார்த்தால் இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

3

ஓபெராவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

மலைக்கோட்டைப் பிரபு ஒருவன். சைப்ரஸ் தீவில் ஒரு சீமாட்டி இருப்பதாக ஒரு யாத்திரிகன் வந்து சொல்கிறான். அவள் எப்படிக் கோவிலுக்கு நடந்து போவாள், எப்படிப் பேசும் முன் ஒரு கணம் தயங்குவாள் என்று சொல்கிறான். பிரபுவுக்கு அது போதும். பாட்டுக் கட்டுகிறான். யாத்திரிகன் அதை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் பாடுகிறான். அவள் பதில் தருகிறாள். வருஷங்கள் இப்படியே போகின்றன. கடைசியில் பிரபு கப்பலேறுகிறான். நடுக்கடலில் காய்ச்சல் கண்டு பார்வை போய்விடுகிறது. இத்தனை வருஷம் பார்க்காமல் காதலித்தவளின் எதிரே வந்து நிற்கிறான், பார்க்க முடியவில்லை. யாத்திரிகன் அவன் கையைப் பிடித்து அவள் கையில் வைத்துவிட்டு வெளியேறுகிறான். பிறகு அவர்கள் இருவருடைய நீண்ட பாட்டு. அவன் இறக்கிறான். திரை.

மார்செய்க்காரப் பையன் ஒருவன் இசையமைத்தது. தாளவாத்தியம் குறைவு. ஒலிபெருக்கியிலிருந்து கடல் வந்துகொண்டே இருக்கும்.

ரெஜிஸ் பிரபு, அர்மேல் சீமாட்டி, கிஸ்லேன் யாத்திரிகன். யாத்திரிகனுக்குக் கடைசிக் காட்சியில் ஒரு வரிகூட இல்லை. கையைச் சேர்த்து வைப்பான், போவான். எங்கே போவான் என்று நாடகத்தில் எழுதவில்லை. நம்மிடமும் கிளியும் நாரையும் மேகமும் காலங்காலமாகத் தூது போயிருக்கின்றன. சொல்லிவிட்டு அந்தக் கிளி எங்கே போய் உட்கார்ந்தது என்று யார் கேட்டிருக்கிறோம்?

(கட்டுரை மாதிரிப் போகிறது. நிறுத்துகிறேன்.)

4

முதல்நாள் ஒத்திகையில் ரெஜிஸும் அர்மேலும் எல்லாரையும் போலக் கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, பாட்டில் வருவதைத் தவிர, ஒரு வார்த்தை கிடையாது. இயக்குநருக்குப் பரம சந்தோஷம். 'இந்தத் தூரம்தான் வேணும், இதை அப்படியே வெச்சுக்குங்க' என்றாராம்.

இரண்டாம் வாரத்தில் அர்மேல் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிஸ்லேனைப் பிடித்தாள். இவர்கள் இருவரும் இளவயதில் ஒரே பள்ளியில் இசை படித்தவர்கள்.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லு. மூணாங்காட்சில வாயைத் திறந்தா என் மூஞ்சியில சாரல் அடிக்குது."

கிஸ்லேன் போனாள். ரெஜிஸ் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், கொண்டுவந்ததை அப்படியே கொட்ட மனம் வரவில்லை. "மூணாங்காட்சில நீ கொஞ்சம் தள்ளி நின்னா, உன் குரல் முழுசா அவளுக்குக் கேக்குமாம்" என்றாள்.

ரெஜிஸ் உரிப்பதை நிறுத்தினான். "அப்படியா சொன்னா?"

"அப்படித்தான்."

அவன் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டான். "அவகிட்ட சொல்லு, கடைசிப் பாட்டுல அந்த உச்சியை எட்டிப் பிடிக்கிற வயசு தாண்டிடுச்சு, கீழேயே நிக்கச் சொல்லு."

அது அர்மேலிடம் போய்ச் சேர்ந்தபோது இப்படி இருந்தது: "அந்த உச்சியை இன்னிக்கும் உன்னாலதான் தொட முடியும்ங்கறான். அதுக்காகத் தொண்டையை வருத்திக்க வேண்டாமாம்."

அர்மேல் நம்பாமல் சிரித்தாள். ஆனால் மறுநாள் மூன்றாம் காட்சியில் ரெஜிஸ் இரண்டடி தள்ளி நின்றதைப் பார்த்தாள். கடைசிப் பாட்டில் அர்மேல் அந்த உச்சியைத் தொட்டபோது ரெஜிஸ் தலையைத் தூக்கினான்.

5

அதற்குப் பிறகு தூது நிற்கவில்லை. முதலில் புகார்கள். பிறகு புகார் போர்த்திக்கொண்ட விசாரிப்புகள். அவன் இன்னும் வெண்ணெயை அப்படித்தான் தின்கிறானா? அவள் இன்னும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டா தூங்குகிறாள்? கிஸ்லேன் இரண்டு பக்கமும் கசப்பைக் கழித்து, கொஞ்சம் இனிப்பைச் சேர்த்து எடுத்துப் போனாள். கொஞ்ச நாளில் யாரும் அனுப்பாத சேதிகளையும் கொண்டுபோக ஆரம்பித்தாள். அர்மேலுக்கு இருமல் வந்தபோது, ரெஜிஸ் தந்ததாக ஒரு தைலப் புட்டி போயிற்று. அதை வாங்கியது என் வீட்டுத் தெருமுனை மருந்துக்கடையில்.

ஏன் செய்தாள்? இங்கேதான் நான் பல நாள் மாட்டிக்கொண்டேன்.

~~கிஸ்லேன் ரெஜிஸைப் பள்ளிக் காலத்திலிருந்தே மனசுக்குள் வைத்திருந்தாள். அதை யாரிடமும்—~~

பாருங்கள், எழுதிவிட்டேன். கோடும் போட்டுவிட்டேன். கை தானாகவே அந்தப் பக்கம் போகிறது. இப்படி எழுதினால் கதை ஒரு நொடியில் விளங்கிவிடும். ஆனால் ரெஜிஸைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. 'கப்பல் மாதிரி ஆளு. துறைமுகத்துல நிக்கறப்ப நல்லாருக்கும். கூட யாரு வாழறது?' என்றாள்.

பிறகு ஒரு மதியம், கஷ்கொட்டை வறுத்துக்கொண்டே, வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னாள். அம்மா போன பிறகு அவளை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மொந்தோபான் ஊரில் ஒருவர் இருந்தார், ஞாயிறுதோறும் வருவார். பிறகு மாதம் ஒரு ஞாயிறு, பிறகு அதுவும் இல்லை. சண்டைகூடப் போடவில்லை. எந்த ஞாயிறு கடைசி ஞாயிறு என்றுகூட அவளுக்குத் தெரியாது. "ஒத்திகைக்கு நடந்து போவேன். காப்பி மெஷின்கிட்ட ஒருத்தி எனக்காக நிப்பா. மேடைக்குப் பின்னாடி ஒருத்தன் எனக்காக நிப்பான். நான் வர்றது தெரிஞ்சதும் ரெண்டு பேர் முகமும் மாறும். என்னைப் பார்த்து இல்லை, தெரியும். இருந்தாலும் நான்தானே வர்றேன்."

இதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். காதலைவிடச் சின்னக் காரணம். எனக்கு அது போதும்.

6

இனி வருவது சின்ன விஷயமில்லை.

ஒரு காலை அர்மேல் ஒப்பனை அறையில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஒப்பனை போடாமல். அன்றைக்கு அவளுடைய அப்பாவின் நினைவுநாள். கிஸ்லேனைக் கண்ணாடியில் பார்த்தாள். "அவனுக்கு ஞாபகம் இருக்காது. ஒண்ணும் போய்ச் சொல்லாதே" என்றாள்.

கிஸ்லேன் சரி என்று வெளியே வந்தாள். நடைபாதையின் கோடிவரை போனாள். குழாயில் வாய் கொப்பளித்தாள். ரெஜிஸ் அன்றைக்கு அரங்கத்துக்கே வந்திருக்கவில்லை, அவனுக்கு மதியம்தான் வேலை. கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

"அவனுக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். "உங்க அப்பாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு மேடையில என்ன பாடினோம்னு ஒரு வரிகூட அவனுக்கு நினைவில்லையாம். எல்லாரும் கைதட்டினாங்களாம். எதுக்குத் தட்டறாங்கன்னே புரியலையாம். வந்திருக்கணும்ங்கறான். அதை உன்கிட்ட சொல்ல வாய் வரலைங்கறான்."

அர்மேல் திரும்பிப் பார்த்தாள். "அவனே சொன்னானா?"

"அவனேதான்."

அர்மேல் கண்ணாடிமுன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். கிஸ்லேன் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் தனக்கு வெட்கமாக இல்லை என்றாள் என்னிடம். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தாளாம். வெட்கம் ராத்திரிதான் வந்தது. "அன்னிக்குக் காற்று வேற" என்றாள்.

7

இரண்டு நாள் கழித்து அர்மேல் மேடையைக் குறுக்கே கடந்து ரெஜிஸிடம் நேராகப் போனாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அவள் அவன் கையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

சாயங்காலம் ரெஜிஸ் உடுப்பு அறையில் கிஸ்லேனை நிறுத்தினான். சுற்றிலும் பழங்காலத்து அங்கிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"அவ எனக்கு நன்றி சொன்னா. அவ அப்பா விஷயத்துல நான் சொன்னதுக்காம்."

கிஸ்லேன் ஓர் அங்கியின் மடிப்பை நீவினாள்.

"நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லியிருக்கணும் ரெஜிஸ்."

"அது வேற பேச்சு." அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் சொல்லலைன்னு அவகிட்ட சொல்ல வாயெடுத்தேன். அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே… எத்தனை வருஷமாச்சு தெரியுமா, அப்படிப் பார்த்து? முடியலை. விழுங்கிட்டேன்."

"அப்ப விழுங்கினது விழுங்கினதாவே இருக்கட்டும்."

"அவ்வளவு சுலபமா?" என்றான். ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை. போகும்போது கதவருகில் நின்று, "அந்தக் கைதட்டல் விஷயம் நல்லா சொல்லியிருக்கே" என்றான். பாராட்டா, குத்தலா என்று கிஸ்லேனுக்கு இன்றுவரை தெரியாது.

8

இந்தப் பகுதி சிறியது. எழுத ஒன்றுமில்லை.

ரெஜிஸும் அர்மேலும் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். மதியம் சந்தைக்கு மேலே இருக்கிற சாப்பாட்டுக் கடைக்குச் சேர்ந்து போனார்கள். கரோன் ஆற்றோரம் நடந்தார்கள். அவளுடைய பையை அவன் தூக்கிக்கொண்டு வந்தான். ஈஸ்டர் விடுமுறைக்கு அவன் நாந்தில் இருக்கிற அர்மேல் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. ஒப்பனைக்காரர்கள் பந்தயம் கட்டினார்கள்.

காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. கிஸ்லேன் காசைப் போட்டு, காப்பியை எடுத்து, நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள். ஒருநாள் கடையில் அவர்கள் அவளைப் பார்த்துக் கையசைத்து வரச்சொன்னார்கள். நாற்காலிகூட இழுத்துப் போட்டார்கள். அவள் வீட்டில் வேலை இருக்கிறது என்றாள். வீட்டுக்கு வந்து, வேலை எதுவும் இல்லாததால், பாடினாள். கீழே நான் கேட்டது அதைத்தான்.

9

அரங்கேற்றம் நன்றாக நடந்தது. பத்திரிகைகள் இருவரையும் கொண்டாடின. கிஸ்லேனைப் பற்றி 'உறுதுணை' என்று ஒரு சொல் வந்திருந்தது.

கடைசி நாள் ஆட்டம். கடைசிக் காட்சி. பார்வையில்லாத பிரபுவை யாத்திரிகன் நடத்திக்கொண்டு வருகிறான். சீமாட்டி படியிறங்கி வருகிறாள். கிஸ்லேன் ரெஜிஸின் கையை எடுத்து அர்மேலின் கையில் வைத்தாள். இனி அவள் மேடையைவிட்டுப் போக வேண்டும்.

போகவில்லை.

ஏன் என்று கேட்டேன். "போறதுக்குத்தான் காலைத் தூக்கினேன். போனா வீடுதானேன்னு தோணிச்சு" என்றாள்.

இரண்டு கைகளின் மேலும் தன் கையை வைத்தபடி, முக்காட்டோடு, தலை குனிந்து, அந்தப் பாட்டு முழுக்க நின்றாள். இசை நடத்துபவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். ரெஜிஸின் புருவம் ஏறி இறங்கியது. பாட்டு நிற்கவில்லை. பிரபு இறந்து விழுந்தான். கை இப்போது இரண்டுதான், அர்மேலுடையதும் கிஸ்லேனுடையதும். ஒலிபெருக்கியில் கடல். திரை.

கிஸ்லேன் திட்டு வாங்கத் தயாராக நின்றாள். இயக்குநர் ஓடி வந்து, இதை ஏன் முதல் நாளே செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

அர்மேல் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

10

மறுநாள் காலை ரயில் நிலையத்துக் காப்பிக்கடை. அர்மேலின் வண்டிக்கு நேரம் இருந்தது. கிஸ்லேனை வரச்சொல்லியிருந்தாள்.

"நேத்து மூணு கையும் ஒண்ணா இருந்துச்சுல்ல" என்றாள் அர்மேல். "அந்த ஆளு உயிரைக் கொடுத்துப் பாடறான். கை மட்டும் மரக்கட்டை மாதிரி கெடக்கு. எப்பவுமே அப்படித்தான். 'வராமல் போனேனே'ன்னு ஒரு வரி வருதே, அந்த இடத்துல ஒரு கை என்னை அழுத்திப் பிடிச்சுது. அது அவன் கை இல்லை."

கிஸ்லேன் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா விஷயம். அவன் சொன்னானா?"

இங்கே பொய் சொல்ல முடியுமா என்று அவள் தேடிப் பார்த்தாளாம். நாக்கில் ஒன்றுகூட இல்லையாம். "இல்லை" என்றாள்.

"தைலம்?"

"நான்தான்."

"அந்த உச்சி? என்னாலதான் தொட முடியும்னது?"

"அவன் சொன்னது வேற."

அர்மேல் ரொட்டியைப் பிய்த்தாள், தின்னவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ வண்டி தாமதம் என்றார்கள். கத்துவாள் என்று கிஸ்லேன் காத்திருந்தாள். அவள் கத்தவில்லை.

"நல்லவனா இருந்தான்டி" என்றாள்.

"யாரு?"

"நீ உண்டாக்கின ஆளு. என் தொண்டையைப் பத்திக் கவலைப்பட்டான். எங்க அப்பாவுக்காக வருத்தப்பட்டான். அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். துண்டுகூட வாங்கி வெச்சேன், குளிச்சா துடைச்சுக்க." அவள் மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப அந்த ஆளு எங்க இருக்கான்? அவன்கிட்டயும் இல்லை, உன்கிட்டதான். உன்னை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

கிஸ்லேன் மன்னிப்புக் கேட்டாள்.

"எனக்கு ஃபோன் பண்ணாதே. பண்ணணும்னா நானே பண்றேன்."

பண்ணவில்லை. ரெஜிஸுக்கு இரண்டு வரி அனுப்பினாள், ஈஸ்டருக்கு வர வேண்டாம் என்று.

(கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வேலை எளிது. கிஸ்லேன் இந்த இடத்தில் நிறுத்தி, தட்டுகளைக் கழுவி வைத்தாள். நானும் முடிந்தது என்றே நினைத்துக் கீழே வந்து எழுத உட்கார்ந்தேன். மறுவாரம் அவள் மிச்சத்தைச் சொன்னாள்.)

11

லியேஜிலிருந்து ரெஜிஸ் ஃபோன் செய்திருக்கிறான். அங்கே வேறு ஓபெரா, வேறு பிரபு வேஷம். அர்மேல் எடுப்பதில்லையாம். முதலில் கிஸ்லேனைத் திட்டினான். திட்டி ஓய்ந்ததும், அர்மேலிடம் ஒரு சேதி கொண்டுபோகச் சொன்னான்.

"அன்னிக்குச் சாந்தியாகோவில என்ன நடந்துச்சுன்னு நீ கற்பனை பண்ணிச் சொன்னே. நடந்தது அது இல்லை. நான் அன்னிக்கு நல்லாப் பாடினேன். என் வாழ்க்கையிலேயே அப்படிப் பாடினதில்லை. ஒவ்வொரு வரியும் ஞாபகம் இருக்கு. கைதட்டல் நிக்கவே இல்லை, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அறைக்கு வந்த பிறகுதான் அவ அப்பா நெனப்பே வந்துச்சு. அதனாலதான் அவ மூஞ்சியில முழிக்க முடியலை. வர முடியாம இல்லை. இதை அவகிட்ட சொல்லு."

"நீயே எழுதி அனுப்பு."

"படிக்க மாட்டா. கிழிச்சுடுவா."

"நான் சொன்னா நம்ப மாட்டா. இனிமே நான் சொல்ற எதையும் நம்ப மாட்டா."

"தெரியும்" என்றான். "ஆனா இவ்வளவு கேவலமா ஒண்ணை நீ இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு கிஸ்லேன். ஒரு தடவை."

அவள் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

12

முடிவுகள்:

(அ) அவள் அர்மேலை அழைக்கிறாள். ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறாள். அந்தப் பக்கம் வெகுநேரம் அமைதி. பிறகு அர்மேல்— இல்லை. அந்த அமைதிக்குப் பிறகு அர்மேல் என்ன பேசினாலும் அது நான் எழுதிக் கொடுத்த வசனமாகிவிடுகிறது. இதுவரை வந்த அர்மேல் என் கையிலிருந்து வாங்கிப் பேசுகிறவளாகத் தெரியவில்லை.

(ஆ) அவள் அழைக்கிறாள். பாதி சொன்னதும் தாங்காமல், 'சந்தோஷமா இருந்துச்சு' என்ற இடத்தை மட்டும் விட்டுவிடுகிறாள். இது அவளுக்கு இயல்பு. ஆனால் எழுதி முடித்ததும் அவளைக் காட்டிக்கொடுத்ததுபோல இருந்தது.

(இ) சொல்லவே இல்லை. உண்மையான ஒரே சேதி அவளிடமே தங்கிவிடுகிறது. படிக்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். எனக்கும் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது. இதில் வலி முழுக்க எனக்கு அழகாகத் தெரிகிறது, அவளுக்கு அது வெறும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை.

இதுவரை எழுதியதை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு வாயாலேயே மாற்றிக்கொண்டு வந்தேன். விளக்கு இடத்தில் சிரித்தாள். எட்டாம் பகுதியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று முடிவுகள் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இதுல எதுன்னு நீங்க முடிவு பண்ணலையா?"

"நீங்க என்ன பண்ணினீங்கன்னு தெரியாம எப்படி எழுதறது?"

"நீங்க எழுதினா அதைப் பார்த்துச் செய்யலாம்னு இருந்தேன்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மேஜையில் ரொட்டிக்குப் பக்கத்தில் இருந்த தன் கைபேசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடியும் எடுத்தாள். அர்மேல் இந்நேரம் ஒத்திகை முடிந்து வீட்டில்தான் இருப்பாள் என்றாள். பிறகு, என் வீட்டிலேயே என்னிடம், "கொஞ்ச நேரம் வெளியில இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

நான் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கலாம். எழுதுகிறவளாக இருந்தால் கேட்டிருக்க வேண்டும். கால்வாய்க் கரையில் ஒரு நடை நடந்து, ரொட்டிக்கடையில் தேவையில்லாமல் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவள் இல்லை. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். என் நாற்காலியை மேஜைக்குள் தள்ளி வைத்திருந்தாள்.

இன்று காலை படியில் பார்த்தேன். காற்று நின்றுவிட்டது என்றாள். ஆமாம் என்றேன்.

நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வாள், மறைக்கிறவள் இல்லை. ஆனால் என் முகத்தைப் பார்ப்பாள். நான் எதைக் கேட்க ஆசைப்படுகிறேன் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

நான்காம் மாடி, இடதுபக்கக் கதவு. மதியம் இருப்பாள். நீங்கள் கேட்டுப் பாருங்கள்.